பன்னிரண்டு வெள்ளைத் துணிகள்

என் தங்கச்சி பயிர் செய்கிற நிலம் ஏழு ஏக்கர். அகலம் நூற்று முப்பது காலடி, நீளம் நானூறு காலடி. நடந்து அளந்தவள் நான். அந்த நானூறு காலடியும் ரயில் பாதையை ஒட்டியே ஓடுகிறது. நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும். வேலிக்கு இந்தப் பக்கம் கோதுமை, அந்தப் பக்கம் ரயில்வேயின் புல். கோதுமையை அவள் வளர்க்கிறாள். புல் யாரும் கேட்காமலே ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும்.

வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். நடக்கப் பழகிய நாளிலிருந்து கையில் எதையாவது தூக்கிக்கொண்டுதான் திரிவாள். அவளுடைய கல்யாணப் போட்டோவில்கூட மாப்பிள்ளையின் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், பத்து பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை வருவார். அதனால் நிலம், வீடு, பம்பு மோட்டார், கதவு இடுக்கில் நுழைகிற பாம்பு எல்லாமே அவள் பொறுப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். நிலத்துக்காரர் டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் கொடுத்தபோது அது நிலமாகவே இல்லை. கல்லும் முள்ளும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்தது. எறும்பு முதல் வருஷம் முழுவதும் கல் பொறுக்கினாள். பொறுக்கிய கல்லில்தான் கொல்லைப்புறச் சுவர் எழுந்தது. இரண்டாம் வருஷம் பாதி நிலத்தில் விதைத்தாள். மூன்றாம் வருஷம் முழு நிலமும் பச்சை. டவுனில் என் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த வருஷம் நான் எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கழுத்து அளவு எடுக்கும்போது நகர முடியாதே, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வீடு நிலத்தின் மேட்டு முனையில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு சமையலறை. வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எந்த டம்ளர் எந்தச் சத்தம் போடும் என்றுகூட அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லா வேலையும் வண்டியை வைத்துத்தான். ஆறு மணி வண்டி போனால் பம்பு போட வேண்டும். பதினோரு மணி வண்டி போனால் அடுப்பு பற்றவைக்க வேண்டும். நேரப்படி வருகிற இந்தப் பயணிகள் வண்டிகளுக்கு நடுவே, நேரமே இல்லாத சரக்கு வண்டிகளும் வரும்.

பாதை கேட்டிலிருந்து சரிவாக இறங்குகிறது. நிலம் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டியதும் வளைவு. பாறை ஏற்றி வரும் சரக்கு வண்டி அந்த வளைவுக்காக நிலத்தின் நடுப்பகுதியிலேயே பிரேக் போட ஆரம்பிக்கும். இரும்புச் சக்கரத்தில் பிரேக் கட்டை உரசுகிற சத்தத்தில் பல் கூசும். சக்கரத்தடியில் மஞ்சளாகப் பொறி சிதறும். மழைக்காலத்தில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. கோடையில் அந்தப் புல்லுக்கு ஒரு பொறி போதும்.

இரண்டு வருஷத்தில் மூன்று முறை எரிந்தது. முதல் முறை வேலிக்கு அந்தப் பக்கமே எரிந்து அணைந்தது. இரண்டாம் முறை காற்று இந்தப் பக்கம் வீசியதில் கால் ஏக்கர் போயிற்று. மூன்றாம் முறை, அறுவடைக்கு எட்டே நாள் இருக்கும்போது, ஒரு ஏக்கர் கருகியது. எறும்பு தனியாளாக நனைந்த சாக்கை வைத்து அடித்திருக்கிறாள். கேட்காரர் கேட்டை மூடிவிட்டு இரண்டு வாளியோடு ஓடி வந்திருக்கிறார். மறுநாள் நான் போனபோது அவளுக்கு இடது புருவம் இல்லை.

"என்னடி இது, பாதி மூஞ்சிதான் மிச்சமா?" என்றேன்.

"ஆறு ஏக்கர் மிச்சம்கா. புருவம் வந்துடும்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ரயிலைவிட நெருப்புப் பெட்டியை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"ஏம்மா, இந்த ஊர்ல வேற யாரு நிலமும் எரியல. உன்னோடது மட்டும் எப்படி மூணு தடவை எரியுது?"

"வேற யாரு நிலமும் ரயிலை ஒட்டி இல்லையே சார்."

"அறுத்த கோதுமைத் தாளைக் கொளுத்தப் போய் பத்திக்கிச்சுன்னு பேசிக்கிறாங்க."

"இன்னும் அறுக்கவே இல்லையே சார். தாளு எங்கேருந்து வரும்?"

அவர் கொஞ்ச நேரம் கருகிய மண்ணைச் செருப்பால் கிளறினார். பிறகு முடிவாகச் சொன்னார். "ரயிலாலதான் எரிஞ்சதுன்னு ரயில்காரங்க எழுதிக் கொடுக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த விதைப்புக்கு முன்னால அந்தக் காகிதம் என் கைக்கு வரணும். இல்லேன்னா நிலத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். எனக்கும் வேற வழியில்ல."

விதைப்புக்கு நான்கு மாதம் இருந்தது.

கடிதம் எழுதும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எறும்பு சொல்லச் சொல்ல எழுதி, மூன்று முறை நகல் எடுத்தேன். மூன்றாவது தீ எப்போது பிடித்தது என்று கேட்டேன். பதினோரு மணி வண்டி போய்ப் பத்து நிமிஷத்தில் பாறை வண்டி போனது, உடனே புகை வந்தது என்றாள். "செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு" என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்று பக்கம்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதிலிருந்து பன்னிரண்டு இருபது வரை அந்தப் பகுதியில் எந்த வண்டியும் செல்லவில்லை. ஆகவே தீக்கும் ரயிலுக்கும் தொடர்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தோடு பஸ் பிடித்துப் போனேன். எறும்பு படித்துவிட்டு, "பொய் சொல்றாங்க. என் கண்ணு முன்னால போச்சு" என்றாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் வித்தியாசம்.

"இந்தக் கடிகாரம் மெதுவா ஓடுதா?"

"அதெல்லாம் இல்லையே. தினமும் திருத்தறேன்."

"எதைப் பார்த்துத் திருத்தறே?"

"வண்டியைப் பார்த்துத்தான். பதினோரு மணி வண்டி வந்ததும் முள்ளைப் பதினொண்ணுல வெச்சுடுவேன்."

"வண்டி லேட்டா வந்தா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது எப்படிக்கா லேட்டா வரும்? அது பதினோரு மணி வண்டியாச்சே!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. அவளுடைய பொத்தான் போனில் பேட்டரி ஆடும். ஒவ்வொரு முறை கழன்று விழுந்த பிறகும் நேரம் பன்னிரண்டிலிருந்து தொடங்கும், அதனால் அதை அவள் பார்ப்பதே இல்லை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் ரயில் வந்ததுதான் நேரம். ஆனால் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு, கேட்டதை அப்படியே எழுதியவள் நான்தான். தப்பில் பெரிய பங்கு என்னுடையது.

நேராகக் கேட்காரரிடம் போனோம். ஒவ்வொரு வண்டியும் போன நேரத்தை அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். கேட்டதும் நோட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதைக் காட்டக் கூடாதும்மா. அரசாங்க நோட்டு."

"காட்ட வேணாம்ணே. அன்னைக்குப் பதினோரு மணி வண்டி எப்போ போச்சுன்னு வாயால சொல்லுங்க" என்றாள் எறும்பு.

அவர் பக்கத்தைப் புரட்டினார். "பன்னெண்டு இருபத்தொண்ணு. பாறை வண்டி பன்னெண்டு முப்பத்திரெண்டு." மீசையைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்தார். "நீங்க என்னன்னு எழுதினீங்க?"

சொன்னோம். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

நேரத்தைத் திருத்தி மறுபடி எழுதலாம் என்றேன் நான். எறும்பு ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவை தப்பா சொன்னவ இன்னொரு நேரத்தைச் சொன்னா யாரு நம்புவாங்கக்கா? வேற ஏதாவது கையில வேணும்" என்றாள்.

அந்த வேறு ஏதாவது அவளுடைய துணிக் கொடியிலிருந்தே கிடைத்தது. அடுத்த வாரம் கடைக்கு ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டு வந்தாள். வேலி ஓரம் காயப் போட்டிருந்த துண்டு. அதில் கடுகளவில் நாலைந்து ஓட்டை.

"இது பூச்சி அரிச்சதா பாரு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "பூச்சி அரிச்சா ஓரம் பஞ்சு பஞ்சா இருக்கும். ஊசி குத்தினா நூல் விலகித்தான் நிக்கும், அறாது. இது சுட்ட ஓட்டைடி. பாரு, ஓரம் பழுப்பா இறுகியிருக்கு." கீழே விழுந்த குண்டூசி பொறுக்க நான் வைத்திருக்கிற காந்தத்தைத் துண்டின் மேல் ஓட்டினேன். மிளகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புத் துகள் வந்து ஒட்டிக்கொண்டது.

எறும்பு அந்தத் துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, உங்கிட்ட வெள்ளைத் துணி எவ்வளவு இருக்கு?"

லைனிங் போட வைத்திருந்த பருத்தித் துணியில் ஒரு கஜச் சதுரமாகப் பன்னிரண்டு வெட்டினேன். மூலையில் எண்ணைத் தைத்தேன். அவள் நான்கு குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் ஒவ்வொன்றையும் கட்டில் போலப் படுக்கையாக இழுத்துக் கட்டினாள். தன் வேலிக்கு உள்ளேயே, முப்பது காலடிக்கு ஒன்று. கேட்டுப் பக்கம் ஒன்றாம் எண், பாலத்துப் பக்கம் பன்னிரண்டாம் எண். மூன்று துணிக்கு ஒரு வாளித் தண்ணீர். துணியே பற்றிக்கொண்டு, கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதையாகிவிடக் கூடாது என்று நான்தான் வாளியை வற்புறுத்தினேன்.

நேரத்துக்குக் கேட்காரர் ஒரு வழி சொன்னார். "நோட்டைத்தான் காட்டக் கூடாது. நான் வாசல்ல நின்னு மணி என்னன்னு கத்தினா அதை யாரு தடுக்கிறது?" அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டி கடந்ததும் அவர் ஏலம் விடுகிற மாதிரி கத்துவார். "சரக்கூ... ரெண்டு பதினாலூ!" எறும்பு உடனே பன்னிரண்டு துணியையும் நடந்து பார்ப்பாள். புதிய ஓட்டை இருந்தால் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுவாள். ஞாயிறு தோறும் நான் போய் அந்த வட்டங்களின் மேல் நூல் ஓட்டுவேன். சரக்கு வண்டிக்குச் சிவப்பு, பயணிகள் வண்டிக்கு நீலம்.

ஊரே வேடிக்கை பார்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் கையாட்டினார்கள். "டிரைவருங்க என்னைக் கேக்கறாங்கம்மா, இது எந்த நாட்டுக் கொடின்னு" என்றார் கேட்காரர். "எறும்பு நாட்டுதுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் இவள்.

பத்தொன்பது நாள். நாற்பத்தொரு ஓட்டை. அதில் முப்பத்தொன்பது சிவப்பு, பெரும்பாலும் ஏழு, எட்டு, ஒன்பதாம் துணிகளில். பாறை வண்டி பிரேக் போடுகிற இடம். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று எனக்குப் பெருமை. மிச்சம் இரண்டுதான் உறுத்தியது. பதினோராம் துணியில், ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு நீலம். எங்கள் கதையில் பயணிகள் வண்டிக்கு இடமே இல்லை. அது பிரேக் போடாமல் போகிற வண்டி.

"இதைப் பார்த்தா எல்லாமே சந்தேகம் ஆயிடும்" என்று சொல்லி, அந்த நீல நூலைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

எறும்பு துணியை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டாள். "விடுக்கா."

"ஒரு வேளை பழைய ஓட்டையா இருக்கும்டி. நீ கவனிச்சிருக்க மாட்டே."

"நான் அப்போ வீட்டுப் பக்கம் பம்புகிட்ட இருந்தேன், வண்டியைப் பார்க்கல. ஆனா அதுக்கு முந்தின வண்டி போனப்ப இந்த ஓட்டை இல்லை. கடிகாரத்துல ஒரு தடவை ஏமாந்தாச்சு. இதுல நமக்குப் பிடிச்சதை மட்டும் வெச்சுக்கிட்டா, அதுவும் பதினோரு மணி வண்டி கதைதான்."

எனக்கு மூன்று வயது இளையவள். கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்தேன்.

இந்த முறை கடிதம் அரைப் பக்கம். அதோடு ஓட்டை விழுந்த ஒரு சின்னத் துண்டுத் துணியும், காகிதத்தில் மடித்த மூன்று துகளும். ஒன்பதாம் நாள் ஒரு ரயில்வே இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். தடித்த கண்ணாடி, கையில் ஒரு கட்டு ஃபைல். மருந்துக்கடைக்காரருக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம், அவரும் வந்தார். நானும் கடையை மூடிவிட்டு வந்திருந்தேன்.

"பாறை வண்டி போறப்ப நேர்லயே பார்த்துடலாம்" என்றார் இன்ஜினியர்.

அன்றைக்கென்று அந்த வண்டி வரவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, "உங்க வண்டிக்கே இஷ்டமில்ல போலிருக்கே" என்றார். ஒருவழியாக வந்தது. தடதடவென்று சரிவில் இறங்கியது, பிரேக் போட்டது, பல் கூசியது. எல்லோரும் எட்டாம் துணிக்கு ஓடினோம். ஒரு ஓட்டையும் இல்லை. ஒன்பதில் இல்லை. ஏழிலும் இல்லை.

"ஒவ்வொரு தடவையும் விழாது சார்" என்றாள் எறும்பு. அவள் குரல் அப்படியே இருந்தது. "பத்தொன்பது நாள்ல பாறை வண்டி முப்பத்தாறு தடவை போச்சு. பதினாலு தடவைதான் விழுந்தது. எல்லாம் துணியிலயே எழுதியிருக்கு, பாருங்க."

மருந்துக்கடைக்காரர் லேசாக உச்சுக்கொட்டினார். இன்ஜினியர் துணி துணியாக நடந்தார். சிவப்பு வட்டங்களைப் பார்த்தார், தலையாட்டினார். பதினோராம் துணியில் நின்றார்.

"இது என்ன நீலம்?"

"பயணிகள் வண்டி சார்."

"பயணிகள் வண்டி இங்க பிரேக் போடாதே."

"தெரியும் சார். ஆனா அது போனப்பதான் விழுந்தது. ஏன்னு எங்களுக்குத் தெரியல."

நான் தரையைப் பார்த்தேன். இன்ஜினியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, குனிந்து, பென்சிலில் எழுதியிருந்த தேதியைப் படித்தார். பிறகு வேலிக் கல்லின் மேல் ஃபைலை வைத்துப் புரட்டினார். ஒரு காகிதத்தை உருவினார். அதையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு முறை.

"அன்னைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாடு ஒண்ணு குறுக்கே வந்திருக்கு" என்றார் மெதுவாக. "டிரைவர் இங்கேதான் அவசர பிரேக் போட்டிருக்கார். வண்டி நிக்கல, மெதுவாகித் தாண்டிடுச்சு. அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை இது. இதுல இருக்கிற நேரத்துக்கும் துணியில இருக்கிறதுக்கும் மூணு நிமிஷம்தான் வித்தியாசம்." எறும்பைப் பார்த்துக் கேட்டார். "மாடு வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நான் அப்போ வீட்டுப் பக்கம் பம்புகிட்ட இருந்தேன், பாலம் அங்கேருந்து தெரியாதே."

இன்ஜினியர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பாறை வண்டின்னு மட்டும் தெச்சுட்டு வந்திருந்தா, நான் யோசிச்சிருப்பேன். இது யாராலயும் உக்கார்ந்து கற்பனை பண்ண முடியாதது." அப்புறம் என்னிடம், "நூல் யாரு ஓட்டினது? நீங்களா? ரொம்ப நேர்த்தி" என்றார். நான் கத்தரிக்கோல் கதையை அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பன்னிரண்டு நாளில் காகிதம் வந்தது. தீ ரயில் வண்டியின் பிரேக் பொறியால் உண்டாகியிருக்கலாம் என்று ஒரு வரி. 'இருக்கலாம்' என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். எறும்புக்கு இல்லை. அவள் பார்த்தது இரண்டாவது வரியை. கோடைக்கு முன்னால் வேலி வரை புல்லை ரயில்வே ஆட்களே வெட்டுவார்கள். வேலியை ஒட்டி எட்டடி அகலத்துக்கு மண் தெரிய உழுது வைக்க அவளைக் கேட்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையில் நின்றபடியே காகிதத்தை இரண்டு முறை படித்தார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, "அஞ்சு வருஷத்துக்கு எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

"எழுதிக்கலாம் சார். நெருப்புப் பெட்டிய மட்டும் நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள் என் தங்கச்சி. அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

விதைப்பு அன்று நானும் போயிருந்தேன். அறுவடைக்கு முன் நான் அவளுக்கு ஒரு புதுச் சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கோடையில், கோதுமை பொன் நிறமாக நிற்கும்போது, மதியம் கடைக்குப் போன் வந்தது. எடுத்ததும் மூச்சிரைப்பு.

"அக்கா, பத்திக்கிச்சு."

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. "எவ்வளவு போச்சு?"

"ஒண்ணும் போகல. வெட்டின புல்லுல அடிக்கட்டை கொஞ்சம் பத்திச்சு. வேலி வரைக்கும் வந்துச்சு. உழுத மண்ணு வந்ததும் நின்னுடுச்சுக்கா. நான் சாக்கை நனைச்சு எடுத்துட்டு ஓடறதுக்குள்ள தானாவே அணைஞ்சு போச்சு. சும்மா நின்னு பார்த்துட்டு வந்தேன்."

அவள் சும்மா நின்றாள் என்பதை நம்பவே எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கையில என்ன வெச்சிருந்தே?"

"நனைஞ்ச சாக்கு" என்று சிரித்தாள். "எத்தனை மணிக்குன்னு கேக்க மாட்டியா?"

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு நாப்பத்தேழு. சுவத்துல பார்த்தேன். அப்புறம் கேட்காரண்ணனையும் கத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான். எழுதிக்கோ."

பக்கத்தில் கிடந்த பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.